வீட்டு வரியும் பள்ளிக்கூடமும்

வீட்டு வரி ரசீதை முழுக்கப் படிக்கிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்ப்பார்கள். போன தடவையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு நகரசபையை நாலு வார்த்தை வைதுவிட்டு, ரசீதை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

உண்மையில் வீட்டு வரி என்பது ஒற்றை வரி அல்ல. பல சரடுகள் சேர்த்து முறுக்கிய கயிறு. தண்ணீருக்கு ஒரு சரடு, சாக்கடைக்கு ஒரு சரடு, தெரு விளக்குக்கு ஒரு சரடு. அவற்றோடு மெல்லியதாக இன்னும் இரண்டு சரடுகள் உண்டு. ஒன்று நூலகத்துக்கு. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் அதைச் சேர்த்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது முதலில் இங்கேதான். இன்றைக்குச் சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 காசு அந்தக் கணக்கில் போகிறது. இன்னொரு சரடு கல்விக்கு. அது நூலகச் சரடைவிட மூத்தது. வயது நூறைத் தாண்டிவிட்டது.

வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்? வீடு படிக்கப் போவதில்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்காரரும் இந்த வரியைக் கட்டுகிறார். ஐந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வாடகைக் குடித்தனக்காரரிடம் வரி கேட்டு ஒருவரும் வருவதில்லை. இது நியாயமா? இந்தக் கேள்விக்கு நம் ஊர்ப் பக்கத்தில் இருநூறு வருஷமாகப் பலர் பலவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பீட்டர் பாண்டியனிலிருந்து ஆரம்பிக்கலாம். மதுரைக் கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர் துரையை ஜனங்கள் அப்படித்தான் அழைத்தார்கள். மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி செய்து கொடுத்த அதே துரை. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் எல்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு ஒன்று அனுப்பினார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி எழுதுங்கள் என்பது உத்தரவு. 1823-இல் மதுரையிலிருந்து கணக்குப் போயிற்று: பள்ளிகள் 844, மாணாக்கர்கள் 13,781. பள்ளிக்குச் சராசரி பதினாறு பிள்ளைகள். திண்ணையும், மணலும், பனை ஓலையும், ஓர் உபாத்தியாயரும்! கட்டடச் செலவு கிடையாது. மாகாணம் முழுவதற்கும் சேர்த்து 12,498 பள்ளிகள் என்று மன்றோ 1826-இல் கணக்குச் சொன்னார்.

இந்தப் பள்ளிகளுக்கு வரி கிடையாது. படிக்கிற பிள்ளையின் தகப்பன் கொடுத்தான், அவ்வளவுதான். மாதத்துக்கு நாலணா முதல் எட்டணா வரை என்று மன்றோ குறித்திருக்கிறார். அதைக் கொண்டு உபாத்தியாயருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய் சேர்ந்தால் பெரிது என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சிலர் கொண்டாடுகிறார்கள். ஊர் தோறும் பள்ளி இருந்ததே என்று அவர்கள் சொல்வது மெய்தான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த பதினாறு பேரை எண்ணுகிறபோது, திண்ணைக்குக் கீழே நின்றவர்களையும் எண்ண வேண்டும் அல்லவா? நாலணா கொடுக்க முடியாதவன் பிள்ளை அங்கே இல்லை. கொடுத்தாலும் ஏற விடாத சாதிப் பிள்ளை அங்கே இல்லை. பெண் குழந்தைகளோ அபூர்வம். தகப்பன் பணம் கொடுத்து நடத்துகிற பள்ளியில் தகப்பனின் நிலைமைதான் பிள்ளையின் நிலைமை.

அடுத்த யோசனை கோதாவரிக் கரையில் பிறந்தது. 1850-களில் அந்தப் பக்கத்து சப்-கலெக்டர் டெய்லர் என்பவர், நிலத் தீர்வையோடு சிறு தொகையை ஊரார் சம்மதத்தின் பேரில் சேர்த்து வாங்கிக் கிராமப் பள்ளிகள் நடத்தினார். நல்ல ஏற்பாடுதான், சட்டத்தின் பலம்தான் இல்லை. அந்தப் பலத்தைக் கொடுப்பதற்காக 1863-இல் சென்னை சர்க்கார் ஒரு கல்விச் சட்டம் செய்தது. ஓர் ஊரார் தங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று தாங்களே விரும்பினால், தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக் கொள்ளலாம்! படித்துப் பார்க்க ரொம்ப அழகான சட்டம். மாகாணத்தில் அதை நாடி வந்த ஊர்கள் மிகச் சொற்பம். சட்டம் ஏட்டிலேயே வாடிப் போயிற்று.

ஏன் வாடியது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. இன்றைக்கும் சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் அரை மணி உட்கார்ந்தால் விளங்கிவிடும். எனக்குப் பழக்கமான ஒரு பலசரக்கு வியாபாரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, என் பயலுக ரெண்டு பேரும் படிச்சு முடிச்சு வெளியூர்ல வேலைக்குப் போயாச்சு. ரெண்டு பேரையும் காசு கொடுத்துத்தான் படிக்க வச்சேன். இப்ப ஊரான் பிள்ளை படிக்க நான் எதுக்குக் கட்டணும்?"

"அண்ணே, உங்க கடையில கணக்கு எழுதுற பையன் எங்கே படிச்சான்?" என்று கேட்டேன்.

அவர் கல்லாப் பெட்டிக்கு அப்பால் திரும்பிப் பார்த்தார். "கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துலதான்" என்றார். அதற்குமேல் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல்வி வரியின் தர்மம் முழுவதும் அந்தக் கணக்குப் பிள்ளையிடம் இருக்கிறது. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நாலு பேர் இருந்தால் கடை நடக்கிறது, கடை நடந்தால் தெருவுக்கு மதிப்பு, தெருவுக்கு மதிப்பு வந்தால் வீட்டுக்கு வாடகை. வீட்டுக்காரர் தம்மை அறியாமல் வாங்கிக் கொண்ட லாபத்தில் ஒரு துளியைத் திருப்பிக் கேட்பதுதான் வரி. ஆனால் இதைச் சம்மதத்தின் பேரில் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது 1863 சொன்ன பாடம்.

இதற்கிடையில் மதுரையும் வரி போடுவதற்கு ஏற்ற ஊராக மாறிக் கொண்டிருந்தது. பிளாக்பர்ன் என்ற கலெக்டர் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில் புதுத் தெருக்கள் எழுந்தன. இன்றைய வெளி வீதிகள் அப்படி வந்தவை. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைச் செய்தவர்கள் பெயரையே தாங்கி நிற்கின்றன. இடம் வந்தது, மனை வந்தது, மாடி வந்தது. 1866-இல் முனிசிபாலிடியும் வந்தது. வீட்டை அளக்க ஆள் வந்தான் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

1871-இல் சர்க்கார் சம்மதம் கேட்பதை விட்டுவிட்டது. அந்த வருஷத்து உள்ளூர் நிதிச் சட்டம் கிராமப் புறத்தில் சாலை, வைத்தியம், பள்ளி ஆகியவற்றுக்காக நிலத்தின் மேல் 'செஸ்' போட்டது. பள்ளிக்கூடங்களுக்கென்று வீட்டு வரியும் போடலாம் என்றது. நிலத்துக்காரன் செஸ்ஸை முணுமுணுத்துக் கொண்டே கட்டினான். தீர்வையோடு தீர்வையாக அது போய்விட்டது. ஆனால் குடியிருக்கிற கூரைக்கு வரி என்றதும் கிராமங்களில் பெரிய அதிருப்தி கிளம்பிற்று. சில வருஷங்களிலேயே பள்ளிக்கான அந்த வீட்டு வரியைக் கைவிட வேண்டியதாயிற்று. நிலத்து செஸ்ஸில் மிஞ்சியதைக் கொண்டு பள்ளிகள் மூச்சு விட்டுக் கொண்டிருந்தன. சாலைக்குப் போக மிஞ்சியதுதான் பள்ளிக்கு!

இந்த நிலையில்தான் கோபாலகிருஷ்ண கோகலே 1911-இல் இம்பீரியல் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டு வந்தார். கட்டாயக் கல்வி வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்கை உள்ளூர் ஸ்தாபனங்கள் வரி போட்டுத் தேடட்டும், மூன்றில் இரண்டு பங்கைச் சர்க்கார் தரட்டும் என்பது அவர் யோசனை. 1912 மார்ச்சில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா தோற்றது, யோசனை தோற்கவில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு, 1920-இல், சென்னை மாகாணத்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. முனிசிபாலிடிகளும் தாலுகா போர்டுகளும் கல்வி வரி விதிக்கலாம். அப்படித் தண்டினால் அதற்கு ஈடான தொகையைச் சர்க்கார் தன் பங்காகப் போடும். நம்முடைய கயிற்றில் கல்விச் சரடு முறுக்கப்பட்டது அப்போதுதான்.

ஒரு ரூபாய் தண்டினால் இன்னொரு ரூபாய் வரும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இந்த நியாயத்தின் அடியில் ஒரு குழி இருக்கிறது. அதைப் பார்க்க மதுரையிலிருந்து கிழக்கேயும் மேற்கேயும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

கிழக்கே மேலூர்ப் பக்கம், 1895-இல் திறந்த பெரியாறு அணைத் தண்ணீர் பாய்ந்து நஞ்சை விளைகிற பூமி. வடமேற்கே சோழவந்தானும் அப்படித்தான். தென்னையும் வெற்றிலையும் நெல்லுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மேற்கே உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனாலோ வானம் பார்த்த புஞ்சை. வரகும் சோளமும் பருத்தியும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. நிலத்து செஸ் என்பது தீர்வையில் இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கு. நஞ்சைக்குத் தீர்வை அதிகம், புஞ்சைக்குக் குறைவு. ஆகவே ஒரே விகிதத்தில் வரி போட்டாலும் மேலூரில் ரூபாயாக விழுவது உசிலம்பட்டியில் அணாவாக விழும். சர்க்கார் அந்த ரூபாய்க்கு ரூபாய் போடும். அணாவுக்கு அணா போடும். இருக்கிற இடத்தில் இரட்டிப்பு. இல்லாத இடத்தில் இல்லாமையும் இரட்டிப்பு.

மழை பெய்யாதது உசிலம்பட்டிப் பிள்ளையின் குற்றமா? அந்தச் சீமையில் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மேல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் ஏவியிருந்தான். குழந்தை பிறக்கும்போதே கைரேகைக்கு ஆளாகப் பிறந்தது. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற ஜனங்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. உள்ளூர் வரி தண்டிப் பள்ளி நடத்து என்ற 1920-ஆம் வருஷத்துச் சட்டமும் அந்தத் துப்பாக்கிச் சூடும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை என்பதை நினைத்தால் எனக்கு மனம் என்னவோ செய்கிறது.

அந்தக் காலத்தையொட்டித்தான் சர்க்கார் தன் சொந்தச் செலவில் அங்கே பள்ளிகள் திறக்க ஆரம்பித்தது. நோக்கம் என்னவோ ஜனங்களைக் 'கட்டுக்குள் கொண்டு வருவது'. ஆனால் பள்ளிக்கூடம் என்ற வஸ்து ஒரு தடவை திறந்துவிட்டால், திறந்தவன் நோக்கத்தோடு நிற்பதில்லை. அங்கே படித்த பிள்ளைகள்தான் பிற்பாடு அந்தச் சட்டத்தை எதிர்த்து மனு எழுதவும் மேடையில் பேசவும் கற்றார்கள். 1947-இல் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரில் மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் அவை பின்னும் தொடர்ந்தன. உள்ளூர் வரியை நம்பியிருந்தால் அவற்றில் எத்தனை பள்ளிக்கு ஓடு வேய்ந்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழை நாட்டில் மட்டுமே இந்தக் குழி உண்டு என்று எண்ண வேண்டாம். உலகத்துக்கே கடன் கொடுத்த அமெரிக்காவில் இது இன்னும் ஆழம். அங்கே பள்ளிக்கூடம் ஊராரின் சொத்து என்பது முன்னூறு வருஷத்து வழக்கம். 1647-இலேயே மாஸசூஸெட்ஸில், ஐம்பது குடும்பம் உள்ள ஊர் எழுத்துச் சொல்லித் தர ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நாளடைவில் ஒவ்வொரு வட்டாரமும் தன் பள்ளிகளுக்குத் தன் வீடுகளின் மேல் வரி போட்டுக் கொண்டது. கோகலே கண்ட கனவு அங்கே நனவாகியிருந்தது என்று சொல்லலாம்.

அந்த நனவு எப்படி இருந்தது தெரியுமா? டெக்ஸாஸ் ராஜ்யத்தில் சான் அன்டோனியோ என்ற ஒரே நகரத்தில் இரண்டு பள்ளி வட்டாரங்கள். எட்ஜ்வுட் என்பது மெக்ஸிகோ வம்சாவளி ஏழைத் தொழிலாளிகள் வாழ்கிற இடம்; அலமோ ஹைட்ஸ் சீமான்கள் வாழ்கிற மேட்டுத் தெரு. 1967-68-ஆம் வருஷக் கணக்கில், எட்ஜ்வுட்காரர்கள் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1 டாலர் 5 செண்ட் வீதம் வரி கட்டினார்கள். பிள்ளை ஒன்றுக்கு 26 டாலர் கிடைத்தது. அலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 செண்ட்தான் கட்டினார்கள். பிள்ளை ஒன்றுக்கு 333 டாலர் கிடைத்தது! அதிக வீதத்தில் வரி கொடுத்தவன் பிள்ளைக்குக் குறைந்த பள்ளி. வீடுகளின் விலை அப்படி.

டெமிட்ரியோ ராட்ரிகஸ் முதலான பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1973-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம் நான்கு பேர் மறு பக்கமாக, வழக்கைத் தள்ளிவிட்டது. 1989-இல் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டுதான், ராஜ்யத்தின் சொந்த அரசியல் சட்டத்தைக் காட்டி, இந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. வழக்கு ஆரம்பித்த 1968-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அதற்குள் கல்யாண வயதும் கடந்திருக்கும்.

நாம் அந்த வழியில் வெகுதூரம் போகவில்லை. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் நம் பக்கத்து விருதுநகரில் பிறந்தவர். 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானார். 1956-இல் மதிய உணவு வந்தது. அந்த ஏற்பாட்டைக் கவனித்தால் இரண்டு கையும் சேர்ந்திருப்பது தெரியும். ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் 6 காசு சர்க்கார், 4 காசு ஊரார். 1958-இல் கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைச் செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் தொடங்கி வைத்தார். ஊர்க்காரர்கள் பெஞ்சியும் கரும்பலகையும் கடிகாரமும் கொண்டு வந்து குவித்தார்கள். சட்டம் போட்டுக் கேட்டபோது கூரைக்கு வரி தர மறுத்த அதே கிராமம், முகத்தைப் பார்த்துக் கேட்டபோது கொடுத்தது. ஆனால் உபாத்தியாயரின் சம்பளத்தை அந்தத் தாராளத்தின் தலையில் யாரும் கட்டவில்லை. அதன் பெரும் பாரத்தைச் சர்க்கார்தான் சுமந்தது.

பிறகு ஜில்லா போர்டுகள் போய்ப் பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. 1981 ஜூன் முதல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் ராஜ்ய சர்க்காரின் ஊழியர்களாக்கப்பட்டார்கள். அத்தோடு கிராமத்து வரிக்கும் வாத்தியார் சம்பளத்துக்கும் இருந்த பந்தம் அநேகமாக அறுந்தது. மேலூர் வாத்தியாருக்கும் உசிலம்பட்டி வாத்தியாருக்கும் ஒரே சம்பளம், ஒரே நாளில். எட்ஜ்வுட்டில் இருபது வருஷம் கோர்ட்டு ஏறிக் கேட்ட நியாயத்தில் பெரும் பகுதி இங்கே ஓர் உத்தரவில் கிடைத்தது. இதை நாம் பெருமையாகப் பேசிக் கொள்வதில்லை. பேசிக் கொள்ளலாம்.

நான் படித்தது அப்படிப்பட்ட ஒரு யூனியன் பள்ளியில்தான். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்று பலகை தொங்கும். எங்களுக்குக் கற்றுத் தந்த டீச்சருக்கு எங்கள் ஊர் ஒரு சல்லிக் காசு கொடுத்ததில்லை. கொடுக்க எங்கள் ஊரில் ஏது? ஆனால் என் பாட்டி தலைமுறையில், ஓடு மாற்றியபோது யார் வண்டி கொடுத்தார்கள், கிணறு வெட்டியபோது யார் நின்றார்கள் என்று பெயர் சொல்லத் தெரிந்தது. என் தலைமுறையில் ஓடு ஒழுகினால், "சர்க்கார் பள்ளிதானே, சர்க்கார் பார்க்கும்" என்றார்கள். இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஏதோ ஒன்று நழுவிவிட்டது. சம்பளம் எங்கிருந்து வந்தாலும், பள்ளியைப் பார்க்கிற கண் அந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும். நாம் பாரத்தைத் தோளிலிருந்து இறக்கினோம், இறக்கியது சரி. கூடவே கண்ணையும் திருப்பிக் கொண்டோம்.

நகரத்தில் அந்தச் சாக்கும் கிடையாது. மதுரை 1971-இல் மாநகராட்சியாயிற்று. இன்றும் மாநகராட்சிக்கென்று சொந்தப் பள்ளிகள் இருக்கின்றன. வெள்ளிவீதியார் பெயரிலும் இளங்கோ பெயரிலும் பள்ளி நடத்துகிற நகரசபை வேறு எங்கே கிடைக்கும்? 2025-இல் மதுரையில் கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்துப் போட்டதாகப் பெரிய முறைகேட்டு வழக்கு ஒன்று வெடித்தது. கைதுகள் நடந்தன. நகரம் முழுவதும் அதே பேச்சு. எந்தக் கட்சி, எந்த அதிகாரி, எவ்வளவு தொகை என்றெல்லாம் ஜனங்கள் பேசினார்கள். அந்தக் கயிற்றில் ஒரு சரடு பள்ளிக்கூடத்தினுடையது, ஒரு சரடு நூலகத்தினுடையது என்று ஒருவர் சொல்லி என் காதில் விழவில்லை. ஒரு மாடிக் கட்டடத்துக்கு வரியைக் குறைத்து எழுதுகிற கை, கணக்குப் புத்தகத்தில் மட்டும் எழுதுவதில்லை. ஒரு வகுப்பறையின் ஜன்னலையும் சேர்த்துக் கழற்றுகிறது.

எனவே என்னுடைய அபிப்பிராயம் இதுதான். வாத்தியார் சம்பளமும் புத்தகமும் சோறும் ராஜ்யத்தின் பொது உண்டியலிலிருந்தே வரட்டும். பிள்ளை எந்த மண்ணில் பிறந்தது, அந்த மண்ணில் தண்ணீர் பாய்கிறதா என்பதைப் பார்த்துப் பள்ளியின் தரத்தை நிர்ணயிக்கிற காலம் நமக்கு வேண்டாம். ஆனால் கல்விக்கென்று வீட்டிலிருந்து போகிற அந்த மெல்லிய சரடு அறுந்துவிடக் கூடாது. தொகை சிறிதுதான். அதன் பலத்தில் பெரிய கேள்வி ஒன்று கேட்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, எங்கள் வட்டத்துப் பள்ளிக்கு இந்தப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்று வார்டு கவுன்சிலரை நிறுத்திக் கேட்கலாம். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று தலைமையாசிரியையிடம் விசாரிக்கலாம். பிள்ளை இல்லாதவருக்கும் அந்தப் பாத்தியதை உண்டு. அவரும் கட்டியிருக்கிறார் அல்லவா?

பீட்டர் பாண்டியன் காலத்துத் தகப்பன் மாதம் நாலணா கொடுத்தான். உபாத்தியாயர் வரவில்லை என்றால் மறுநாள் காலையில் திண்ணை முன்னால் போய் நின்றான். அவன் தன் பிள்ளைக்காக மட்டுமே நின்றான் என்பது அந்தக் காலத்தின் குறை. நமக்கோ ஊரார் பிள்ளைகள் அத்தனை பேருக்காகவும் போய் நிற்கிற உரிமை கிடைத்திருக்கிறது. ரசீதும் கையில் இருக்கிறது. போய் நிற்பதுதான் பாக்கி.